கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்: கலிஃபோர்னியாக் கரையில் கேம்பிங் இடம் பார்ப்பது எப்படி

கடலோரக் கேம்பிங் என்று பேச்செடுத்தால் எல்லாரும் முதலில் கேட்பது "சைட்ல இருந்து கடல் தெரியுமா?" என்பதுதான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். கலிஃபோர்னியாக் கரையில் கடல் நன்றாகத் தெரிகிற சைட் பெரும்பாலும் மரமோ மேடோ இல்லாத சைட். கடலை மறைக்க ஒன்றும் இல்லை என்றால் காற்றைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஃபோட்டோ பிரமாதமாக வரும். ராத்திரி டென்ட் துணி படபடவென்று அடிக்க ஆரம்பித்தால் விடியும்வரை நிற்காது, காலையில் குடும்பத்தில் ஒருவர் முகமும் பார்க்கிற மாதிரி இருக்காது. கடலை எழுந்து நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம், தூக்கத்துக்கு அந்த வசதி இல்லை. ஆர்வியில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கிற வண்டியில், போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே எழுதுவது பெரும்பாலும் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து காரில் போய்ச் சேரக்கூடிய கரையைப் பற்றி. வடக்கே மெண்டசீனோ, தெற்கே சான்டா பார்பரா தாண்டி கார்பின்டீரியா வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அப்பால் இருப்பதைப் போகிறபோக்கில் தொட்டுக்கொள்கிறேன்.

பெயரை நம்பாதீர்கள்

மோரோ பே ஊரில் இரண்டு ஸ்டேட் பார்க் கேம்ப்கிரவுண்ட்கள் இருக்கின்றன. மோரோ பே ஸ்டேட் பார்க் என்கிற இடம் கோல்ஃப் மைதானத்துக்கும் படகுத்துறைக்கும் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது, அங்கிருந்து மணல் கடற்கரைக்கு வண்டி எடுத்துத்தான் போக வேண்டும். மோரோ ஸ்ட்ராண்ட் என்பது அதே ஊரின் வடக்குப் பக்கம், அதில் முன்வரிசை சைட் கிடைத்தால் காரை நிறுத்திய இடத்திலிருந்து நேரே மணலில் கால் வைக்கலாம், ஆனால் மரம் கிடையாது, பக்கத்து சைட்காரர் பல் விளக்குவது நமக்குத் தெரியும், நாம் விளக்குவது அவருக்குத் தெரியும். டென்ட் என்றால் நான் முதல் இடத்தைத்தான் சொல்வேன். ஆர்வி என்றால் இரண்டாவது.

மலை நேராகக் கடலில் இறங்குகிற பிக் சர் கரையில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஃபைஃபர் பிக் சர் ஸ்டேட் பார்க்கில் ரெட்வுட் மரங்களுக்கு அடியில், பிக் சர் ஆற்றங்கரையில் தூங்கலாம், அருமையான இடம், ஆனால் கடல் அங்கே கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஃபைஃபர் பீச் என்பது தனி இடம், அங்கே ராத்திரி தங்க முடியாது, அதற்குப் போகிற குறுகலான சாலையில் ஆர்விக்கும் ட்ரெய்லருக்கும் அனுமதியும் இல்லை. ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் என்று மூன்றாவதாக ஒன்று, அங்கே கடலைப் பார்த்தபடி நடந்துபோய்த் தங்குகிற சைட்கள் மொத்தமே இரண்டுதான், அவை கிடைப்பது குலுக்கல் பரிசு மாதிரி. பிக் சரில் மலைவிளிம்பில் கடலைப் பார்த்துத் தங்க வேண்டும் என்பவர்கள் உண்மையில் தேடுவது கர்க் க்ரீக். அது ஸ்டேட் பார்க் இல்லை, லாஸ் பாட்ரெஸ் தேசியக் காட்டுக்குள் வருவது, புக்கிங்கும் வேறு இணையதளத்தில். குடிதண்ணீர் அங்கே கிடையாது, கேன் கேனாகக் கொண்டுபோக வேண்டும். இதை யாரும் படிப்பதில்லை, போய் நின்றுகொண்டு குழாய் எங்கே என்று தேடுகிறார்கள்.

சரி, பெயரை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்தைத் திறந்து கேம்ப்கிரவுண்டை முடிந்தவரை பெரிதாக்குங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கரும்பச்சையாக மரக்கூட்டம் எங்கே இருக்கிறது, நெடுஞ்சாலை எவ்வளவு கிட்டத்தில் ஓடுகிறது, ரயில் தண்டவாளம் இருக்கிறதா. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் ரயில் பாதை பல இடங்களில் கரையை ஒட்டியே போகிறது. சான் ஓனோஃப்ரேயில் மேட்டு மேல் இருக்கும் சைட்கள் பழைய 101 சாலையின் மேலேயே போடப்பட்டவை, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் ஐ-5 நெடுஞ்சாலை இரைச்சல். கார்பின்டீரியாவிலும் ரயில் சத்தம் உண்டு. ரயில் பைத்தியம் பிடித்த பையன் வீட்டில் இருந்தால் அதுவே பெரிய கொண்டாட்டம், மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம், எந்தத் திசை

கலிஃபோர்னியாக் கடற்கரைக்குக் கோடை என்று நாம் நினைக்கிற ஜூன், ஜூலை மாதங்கள்தான் பல இடங்களில் மூடுபனி மாதங்கள். வடமேற்கிலிருந்து வீசும் காற்று மேல்மட்டத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து ஜில்லென்ற தண்ணீர் மேலே வருகிறது. அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. உள்நாட்டு வெயில் அந்தப் பனியைக் கரைக்குள் இழுக்கிறது. அதனால்தான் உள்நாட்டு ஊரான ட்ரேசியில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் கொளுத்துகிற அன்றைக்குக் கரையோர ஹாஃப் மூன் பேயில் 60 டிகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறோம். உள்நாட்டில் வெயில் ஏற ஏறக் கரையில் பனியும் ஏறும். வெயிலுக்குப் பயந்து ஜூலையில் கடற்கரைக்கு ஓடுவது புத்திசாலித்தனம்தான், ஆனால் அரைக்கை டீ-ஷர்ட் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

நல்ல மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். காற்று தணிந்திருக்கும், பனி விலகியிருக்கும், பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் வாரநாட்களில் கூட்டமும் இருக்காது. நவராத்திரி கொலு, தீபாவளி என்று நம் வீடுகளில் அப்போதுதான் எல்லாம் குவியும் என்பது ஒரு தொல்லை, அதற்கு நடுவில் ஒரு சனி ஞாயிறைப் பிடித்து ஒதுக்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காட்டுப்பூவும் பச்சை மலையும் அழகு, ஆனால் காற்று மிக மோசமாக அடிப்பதும் அப்போதுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இடம் தேர்வதில் பாதி வேலை இதில் முடிந்துவிடும். கலிஃபோர்னியாக் கரை மேற்குப் பார்த்தது என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மான்டெரே விரிகுடாவின் வடக்கு விளிம்பில், கேபிடோலா, ஆப்டாஸ் பக்கம், கரை தெற்குப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. வடமேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி. அதனால் நியூ பிரைட்டன் போன்ற இடங்களில் காற்று அடங்கியே இருக்கும், போதாததற்கு மேட்டு மேல் மரங்களும் உண்டு. அங்கிருந்து கொஞ்சம் தெற்கே வந்து சன்செட் ஸ்டேட் பீச் போனால் கரை மறுபடி மேற்குப் பார்க்கிறது, காற்றும் கூடுகிறது. இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் பாயின்ட் கன்செப்ஷன். அந்த முனையில் கரை சட்டென்று கிழக்கே திரும்பித் தெற்குப் பார்க்கிறது. முனைக்கு வடக்கே இருக்கும் ஹலாமா பீச்சில் காற்று ஆளைத் தள்ளும், பட்டம் கட்டி அலையில் சறுக்குகிறவர்கள் அதற்காகவே தேடி வருகிறார்கள். முனையைத் தாண்டிய ரெஃப்யூஜியோவும் கார்பின்டீரியாவும் அதைவிட எவ்வளவோ சாதுவானவை. ஆனால் அந்தப் பக்கம் வேறொரு சங்கதி இருக்கிறது. சில நாட்கள் சாயங்காலத்துக்கு மேல் மலையிலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று இறங்கும், சன்டவுனர் என்பார்கள். கவியோட்டாக் கணவாய் வாயில் அது ரொம்பக் கடுமை.

ஆக, வரைபடத்தில் ஊர் பெயரைப் பார்ப்பதற்கு முன் கரை எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். தெற்குப் பார்த்த கரை, மேற்கில் ஏதாவது ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் டென்ட்டுக்கு நல்ல சகுனம்.

டென்ட்காரர்களுக்கு சைட் எண் பார்க்கும் வித்தை

கேம்ப்கிரவுண்ட் முடிவானதும் சைட் எண்ணைத் தேர வேண்டும், இதில் சோம்பல் படக் கூடாது. முன்வரிசையை விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது வரிசையில், வடமேற்குப் பக்கம் புதரோ மரமோ மணல்மேடோ இருக்கிற சைட் தேடுங்கள். கழிவறைக்குப் பக்கத்து சைட் வசதி என்று தோன்றும், ஆனால் விளக்கு ராத்திரி முழுக்க எரியும், கதவு விடிய விடிய டமார் டமார் என்று அடிக்கும், வரிசையில் நிற்பவர்கள் உங்கள் டென்ட்டை ஒட்டியே குறுக்குவழி போட்டு நடப்பார்கள். கழிவறையிலிருந்து மூன்று நான்கு சைட் தள்ளி இருந்தால் சரியாக இருக்கும். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், அது ரக்கூன்களின் சாப்பாட்டுக்கூடம்.

இடம் சமதளமா, தண்ணீர் தேங்குமா என்பதைப் படத்தில் கண்டுபிடிப்பது கடினம், புக்கிங் பக்கத்தில் சைட்டுக்கு ஒரு ஃபோட்டோ இருந்தால் அதில் மேசை எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, சரிவான சைட் அதில் தெரிந்துவிடும். மரத்தடி என்றால் மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்பதைப் போய் இறங்கியதும் பார்க்க வேண்டும். யூகலிப்டஸ் அடியில் டென்ட் போடாமல் இருப்பது நல்லது, அது சொல்லாமல் கொள்ளாமல் கிளையை உதிர்க்கும்.

டென்ட் அடிக்கும்போது வாசல் தென்கிழக்கைப் பார்க்கட்டும், தாழ்வான பக்கம் வடமேற்கில் இருக்கட்டும். மணலில் டென்ட்டோடு வருகிற மெல்லிய கம்பி ஆணிகள் நிற்காது, இழுத்தால் வெண்ணெயில் இருந்து வருவது போல வந்துவிடும். அரிசிப் பை மாதிரி ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, டென்ட் கயிற்றை அதில் கட்டி, ஓர் அடி ஆழம் குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்துவிட்டால் அசையாது. பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், ஒரு மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வெளித்துணியை வானம் தெளிவாக இருந்தாலும் போட்டுவிடுங்கள், மழைக்காக இல்லை, விடிகாலையில் மூடுபனி சொட்டுச் சொட்டாக இறங்கும், போர்வையெல்லாம் நசநசவென்று ஆகிவிடும். அதே காரணத்துக்காகக் காற்றோட்டத் திறப்புகளை அடைக்காதீர்கள், உள்ளே நாலு பேர் மூச்சு விடுவதே போதும், துணியின் உட்புறம் வியர்த்துவிடும். குளிருக்காக ஸ்டவ்வை டென்ட்டுக்குள் கொண்டுவருகிற யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் ஆளை முடிக்கும்.

மணல் மேலேயே வண்டியை ஓட்டிப்போய்த் தங்குகிற ஓசனோ டூன்ஸ் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் அங்கே போகாதீர்கள், சாதாரண செடான் முதல் மேட்டிலேயே புதைந்துவிடும். அதோடு தோசையில், தலையில், சாம்பாரில் என்று மணல் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு தடவை அனுபவத்துக்குப் போகலாம், அவ்வளவுதான்.

ஆர்வி எடுத்துப் போகிறவர்களுக்கு

தகரச் சுவர் இருப்பதால் காற்று உங்களை என்ன செய்துவிடும்? ஆகவே முன்வரிசைக்குப் போங்கள், அதற்குத்தான் இத்தனை டாலர் கொடுக்கிறீர்கள். ஜன்னலைக் கடல் பக்கம் வைத்து நிறுத்தக்கூடிய சைட்டா என்று பார்க்க வேண்டும். பின்னோக்கி நிறுத்துகிற சைட்டில் கதவும் பெரிய ஜன்னலும் எந்தப் பக்கம் வரும் என்று காகிதத்தில் வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள், பல பேர் பின்பக்கத்துப் படுக்கைச் சுவரைக் கடலுக்குக் காட்டி நிறுத்திவிட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது நீளம். ஸ்டேட் பார்க் பட்டியலில் மோட்டார்ஹோமுக்கு (தானே ஓடுகிற வண்டி) ஒரு நீளம், ட்ரெய்லருக்கு (காருக்குப் பின்னால் இழுத்துப்போவது) ஒரு நீளம் என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். ஃபைஃபர் பிக் சரில் மோட்டார்ஹோம் 32 அடி, ட்ரெய்லர் 27 அடி வரை. வாடகைக்கு எடுக்கும்போது "25 அடி வண்டி" என்பார்கள், பின்னால் ஏணி, சைக்கிள் மாட்டுகிற கம்பி எல்லாம் சேர்த்தால் 27 ஆகியிருக்கும், பம்பர் முதல் பம்பர் வரை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். வடக்கே ரெட்வுட் காட்டுக்குள் இருக்கும் கோல்ட் பிளஃப்ஸ் பீச்சுக்குப் போகிற மண்சாலையில் ட்ரெய்லருக்கே அனுமதி இல்லை, 24 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கும் இல்லை. அங்கே தடுத்து நிறுத்தினால் அந்தச் சாலையில் திருப்புவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஹூக்கப், அதாவது வண்டியில் மாட்டிக்கொள்ள சைட்டிலேயே மின்சாரம், தண்ணீர் இணைப்பு, இருக்கிறதா என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. கரையோர ஸ்டேட் பார்க்குகளில் பெரும்பாலான சைட்களில் கிடையாது. பிஸ்மோவில் ஓசனோ கேம்ப்கிரவுண்ட், மோரோ பே ஸ்டேட் பார்க் போன்றவற்றில் சில சைட்களில் உண்டு. ஹன்டிங்டன் பீச் பக்கத்து போல்சா சிகா முழுக்க ஆர்விகளுக்கு மட்டுமானது, ஹூக்கப் உண்டு, ஆனால் பார்க்க நீளமான கார் நிறுத்துமிடம் மாதிரிதான் இருக்கும். என் கருத்து, கரையில் ஏசி தேவைப்படாது, ஆகவே இரண்டு ராத்திரிக்கு ஹூக்கப் இல்லாமல் தாராளமாகச் சமாளிக்கலாம். பிரச்சினை வேறொரு இடத்தில் வரும். ஹீட்டர் புரொப்பேனில்தான் எரிகிறது, ஆனால் அந்தச் சூட்டை உள்ளே தள்ளுகிற மின்விசிறி பேட்டரியில் ஓடுகிறது. வாடகை வண்டியின் பேட்டரி வயசானதாக இருந்தால் விடியற்காலை மூன்று மணிக்கு விசிறி நின்றுபோகும், உள்ளே 50 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது ஜெனரேட்டரைப் போடவும் முடியாது, ஸ்டேட் பார்க்குகளில் அதற்குக் காலை 10 முதல் இரவு 8 வரைதான் நேரம். எனவே சாயங்காலம் ஏழு மணிக்கே ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டி பேட்டரியை நிரப்பிவிடுங்கள், ராத்திரி ஹீட்டரைக் குறைவாக வைத்துக் கனமான ரஜாய் எடுத்துப் போங்கள்.

தண்ணீர்க் கணக்கு நம் வீடுகளுக்குத் தனி. 25 அடி வண்டியில் நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் 30 முதல் 40 காலன் இருக்கும். சாம்பார், ரசம், பொரியல் என்று சமைத்துப் பாத்திரம் தேய்த்தால் முதல் நாளே பாதி போய்விடும், கழிவறையில் நம் பழக்கத்துக்குத் தண்ணீர் செலவழித்தால் கழிவுத்தொட்டியும் சீக்கிரம் நிரம்பும். கழிவுத்தொட்டியைக் காலி செய்கிற டம்ப் ஸ்டேஷன் அந்தக் கேம்ப்கிரவுண்டிலேயே இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை மைல் தள்ளி என்பதைப் புக்கிங்குக்கு முன்பே பார்க்க இதுதான் காரணம். பாத்திரம் கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றக் கூடாது, அபராதம் ஒரு பக்கம், ராத்திரி அந்த வாசனைக்கு என்னென்னவோ வரும். சமையலை வீட்டிலேயே முடித்துப் புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி என்று கட்டிக்கொண்டு போவது உத்தமம். தோசைமாவு கொண்டுபோகிறவர்களைத் தடுக்க மாட்டேன், மூடியை மட்டும் இறுக்கமாகக் கட்டுங்கள், 1-ஆம் எண் நெடுஞ்சாலையின் வளைவுகள் அப்படி.

வண்டியைச் சமமாக நிறுத்த அடிக்கட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள், புரொப்பேனில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் சாய்வாக நின்றால் ஒழுங்காகக் குளிராது.

யாரெல்லாம் வருகிறார்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப்போக வேண்டும் என்றால் கணக்கு மாறும். அவர்களுக்கு நடுராத்திரி இரண்டு முறையாவது எழுந்துபோக வேண்டியிருக்கும், அப்போது மேலே சொன்ன கழிவறைக் கதவுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பக்கத்து சைட்டையே எடுங்கள். தண்ணீர் விட்டு அடிக்கிற கழிவறையா, வெறும் குழிக் கழிவறையா என்பதையும் பார்த்துவிடுங்கள், அம்மா அதைப் பார்த்ததும் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டால் பிறகு சமாதானப்படுத்த முடியாது. தரையில் படுத்து எழ முடியாதவர்களுக்கு மடக்குக் கட்டில், காதை மூடுகிற குரங்குக் குல்லா. ஷவர் பல இடங்களில் காசு போட்டால்தான் வரும், கால் டாலர் நாணயங்கள் ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் மேட்டு விளிம்பில் இருக்கிற கேம்ப்கிரவுண்ட் வேண்டாம், பகலில் கண்காணித்துவிடலாம், இருட்டில் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது முடியாது. கரையோரப் புதர்களில் பாய்சன் ஓக் ஏராளம், மூன்று மூன்றாகப் பளபளவென்று இருக்கும் இலை, இலையுதிர் காலத்தில் சிவக்கும். பட்டால் அரிப்பு வாரக்கணக்கில் போகாது. பிள்ளைகளுக்கு முதல் நாளே செடியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து போகிறீர்கள் என்றால், ஸ்டேட் பார்க்கில் சாதாரண சைட்டுக்கு அதிகபட்சம் 8 பேர்தான். பக்கத்துப் பக்கத்து சைட்கள் பிடியுங்கள், இல்லை குழுக்களுக்கான பெரிய சைட் இருக்கிற இடமாகப் பாருங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது எழுத்தில் மட்டும் இருக்கிற விதி இல்லை, ரேஞ்சர் வந்து நிற்பார். அந்தாக்ஷரியை எட்டு மணிக்கே ஆரம்பியுங்கள்.

புக்கிங்

ஸ்டேட் பார்க்குகளுக்கு ரிசர்வ் கலிஃபோர்னியா இணையதளம். வந்து சேரும் தேதிக்கு சரியாக 6 மாதம் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். அக்டோபர் 9 வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்றால் ஏப்ரல் 9 காலை 7:50-க்கே லாகின் செய்து, கார்டு விவரம் எல்லாம் போட்டுவைத்து, சைட் எண் மூன்று நான்கை வரிசைப்படுத்தி எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எட்டு அடித்ததும் படம் பார்த்துத் தேர்ந்துகொண்டிருந்தால் போச்சு, அதற்குள் நல்லதெல்லாம் பறந்திருக்கும். கர்க் க்ரீக் போன்ற மத்திய அரசு இடங்களுக்கு ரிக்ரியேஷன் டாட் கவ், அங்கே நம் நேரப்படி காலை 7 மணி.

ஆறு மாதம் முன்னால் யாருக்குத் திட்டம் இருக்கிறது என்றால், அப்படி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஞாயிறு முதல் வியாழன் வரையான ராத்திரிகள் எளிதாகக் கிடைக்கும். ரத்தாகும் சைட்கள் கடைசி வாரத்தில் நிறைய வரும், வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆட்கள் பின்வாங்குவது அப்போதுதான். வேலைக்கு நடுவில் காலையும் மாலையும் ஒரு தடவை இணையதளத்தைத் திறந்து பார்க்கிற பழக்கம் போதும். ஒரே சைட்டில் இரண்டு ராத்திரி தேடாமல் ஒவ்வொரு ராத்திரி தனித்தனியாகத் தேடினாலும் கிடைக்கும், நடுவில் டென்ட்டை இடம் மாற்ற வேண்டும், டென்ட் என்றால் எரிச்சல், ஆர்வி என்றால் பத்து நிமிட வேலை.

ஸ்டேட் பார்க் எதுவும் கிடைக்கவில்லை என்றால் தனியார் இடங்கள். வாட்சன்வில் பக்கத்தில் இருக்கும் கேஓஏ (பல ஊர்களில் கிளை உள்ள தனியார் கேம்ப்கிரவுண்ட் நிறுவனம்) மாதிரி. நீச்சல் குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு எல்லாம் உண்டு, கடல் மட்டும் காரில் போய்ப் பார்க்க வேண்டும். விலையும் கூட. முதல் தடவை டென்ட்டில் படுக்கப்போகும் குடும்பத்துக்கு இது மோசமான ஆரம்பம் இல்லை.

கடல் பக்கத்தில் தூங்குவதற்கான எச்சரிக்கை

இங்கே கடல் மெரினாவில் முழங்கால் நனைக்கிற கடல் இல்லை. மான்டெரேக்கு வடக்கே தண்ணீர் வருடம் முழுக்க 50 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட்தான், சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும். சொனோமாக் கரையில் ரைட்ஸ் பீச் கேம்ப்கிரவுண்ட் மணலை ஒட்டியே இருக்கிறது, அழகு, ஆனால் அங்கே தண்ணீரில் இறங்கவே கூடாது. நீண்ட நேரம் அமைதியாக இருந்துவிட்டு திடீரென்று ஒரு அலை மட்டும் மேலே ஏறி வந்து ஆளை இழுத்துப்போகும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஃபோட்டோ எடுக்கிற வேலையே வேண்டாம். ஓடை வந்து கடலில் கலக்கிற முகத்தில் பிள்ளைகளை விளையாட விடுவோம், மழை பெய்தால் அதற்குப் பிறகு 72 மணி நேரம் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஊர்க்கழிவு எல்லாம் அதில்தான் வரும்.

சுனாமி என்றால் 2004 நமக்கெல்லாம் மறக்காது. இந்தக் கரையிலும் அது கதை இல்லை. 1964 மார்ச்சில் அலாஸ்கா நிலநடுக்கத்தின் அலைகள் கிரசென்ட் சிட்டியைச் சூறையாடின, அதில் பெரிய அலை முதல் அலை இல்லை, நான்காவது. முதல் அலைகள் வடிந்ததும் திரும்பி வந்தவர்கள் அதில் மாட்டினார்கள். 2024 டிசம்பர் 5 அன்று கேப் மெண்டசீனோவுக்கு அப்பால் 7.0 நிலநடுக்கம் வந்து, வடக்குக் கலிஃபோர்னியாக் கரை முழுக்க ஃபோன்கள் அலறின, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்துத்தான் எச்சரிக்கையை விலக்கினார்கள். கேம்ப்கிரவுண்டில் இறங்கியதும் மேட்டுக்குப் போகிற வழி எது என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். தரை பலமாக, நீண்ட நேரம் ஆடினால் ஃபோன் வருமா என்று காத்திருக்க வேண்டாம், பல இடங்களில் சிக்னலே இருக்காது.

கிளம்புவதற்கு முன்

1-ஆம் எண் நெடுஞ்சாலை திறந்திருக்கிறதா என்று மாநிலச் சாலைத்துறையான கால்ட்ரான்ஸ் தளத்தில் பாருங்கள். 2017 மே மாதம் மட் க்ரீக்கில் மலையே சரிந்து சாலையை மூடியது, 2018 ஜூலையில்தான் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ராட் க்ரீக்கில் சாலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிக் சரில் புக்கிங் இருக்கும், ஆனால் தெற்கேயிருந்து வருவதா வடக்கேயிருந்து வருவதா என்று நடுவில் மூடியிருக்கிற இடம்தான் முடிவு செய்யும், தப்பான பக்கத்தில் போய் மாட்டினால் 101 வழியாகச் சுற்றிவர மணிக்கணக்கில் ஆகும். கேம்ப்கிரவுண்டுகளும் புயலில் அடிவாங்கி மூடிக்கிடக்கும். 2023 ஜனவரிப் புயலில் ஆப்டாஸில் இருக்கும் சீக்ளிஃப் ஸ்டேட் பீச்சின் பழைய மரத்துறையும், கடலை ஒட்டி ஆர்விகள் வரிசையாக நின்ற இடமும் நொறுங்கிப்போயின. பழைய பதிவுகளில் "பெஸ்ட் ஸ்பாட்" என்று இன்னும் அதைப் போட்டுவைத்திருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டுக் கிளம்பாமல் அந்தந்தப் பார்க்கின் பக்கத்தில் இன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விறகை வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டாம், அதோடு மரங்களைக் கொல்லும் பூச்சியும் நோயும் பயணம் செய்யும். பார்க் வாசலிலோ பக்கத்து ஊர்க் கடையிலோ வாங்குங்கள். செக்-இன் பொதுவாகப் பிற்பகல் 2 மணி, காலி செய்வது மதியம் 12. வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்து ஆறு மணிக்குக் கிளம்பினால் டென்ட்டை இருட்டில், காற்றில்தான் அடிக்க வேண்டியிருக்கும். அரைநாள் லீவு போட்டுவிடுங்கள்.